சோழகத்தில் நான் கத்தாமல் விட்டது

போன மாதம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துப் பொடியள் நாலு பேர் என்னுடைய கடைக்கு வந்தார்கள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. படகு எஞ்சின் திருத்துகிற ஒரு கொட்டில். கையெல்லாம் எண்ணெய்யாக நின்ற என்னைச் சுற்றிக்கொண்டு, "அண்ணை, நீங்கள் ஏன் கழகத்தை விட்டுப் போனனீங்கள்? உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல முதல் அவர்களில் ஒருவன் முந்திக்கொண்டான்.

"புதுக் கோச் வந்து பந்தை உதைக்க வேண்டாம் எண்டவராம். அண்ணை மானஸ்தன். கையுறையைக் கழட்டி வைச்சிட்டுப் போட்டார். பிறகு என்ன, கோச்சின்ர முறையால தானே ஃபைனல் தோத்தது."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் கதை பன்னிரண்டு வருடமாக ஊரில் ஓடுகிறது. நானும் ஒரு நாளாவது மறுத்துச் சொன்னது கிடையாது. அன்றைக்கு என்னவோ, அந்த 'மானஸ்தன்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "போங்கோடா, வேலை கிடக்கு" என்று கலைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் யோசித்து, சொல்ல வேண்டிய ஒரு ஆளிடம் போய் வாயால் சொல்லியும் பார்த்தேன். அது சரிவரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன், முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அன்ரன். பதினேழு வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரைக்கும் எங்கள் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளர். பதினெட்டு வருடம் ஒரே கம்பங்களுக்கு இடையில் நின்றிருக்கிறேன். வேலையைப் படித்த இடம் இந்தியாவில் அகதி முகாம். கம்பம் இல்லை, இரண்டு செருப்பு. குள்ளமாக இருந்தபடியால் என்னை வேறு இடத்தில் ஒருவரும் சேர்க்கவில்லை. பதினாறு வயதில் மன்னாருக்குத் திரும்பி வந்தபோது வளர்ந்துவிட்டேன், இடம் மட்டும் மாறவில்லை. படிப்பு அவ்வளவுதான்.

மிச்சத்தைக் காற்றுச் சொல்லித் தந்தது. எங்கள் மைதானத்தைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பக்கத்துக் கோல் கடலைப் பார்த்தது, மற்றது கோயிலடியில். சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் கடற்பக்கத்திலிருந்து கோயிலடிக்கு ஒரே அடியாக அடிக்கும். தரையில் வைத்த பந்து தானாக உருளும். கோல் உதை எடுக்க வேண்டுமென்றால் குதியால் சின்னக் கிடங்கு தோண்டி அதற்குள் வைக்க வேண்டும். வெளியூர்க் காப்பாளர்கள் வந்து பந்தை வானத்துக்கு உதைப்பார்கள். அது போய், யோசித்துவிட்டு, திரும்பி அவர்களிடமே வரும். சனம் சிரித்துச் சாகும்.

நான் ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் முதலே போய்விடுவேன். மண்ணை அள்ளி முழங்கால் உயரத்திலிருந்து சிந்திப் பார்ப்பேன். எல்லாரும் தலைக்கு மேலே இருந்து சிந்துவார்கள், அது பிழை. மேலே ஒரு காற்று, தரையில் வேறொரு காற்று. பந்து ஓடுவது தரையில் அல்லவா? பிறகு கடற்பக்கத்து மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெருங்காற்று வருகிறதென்றால் முதலில் அந்த மூலையில் புழுதி எழும்பும். அது கோயிலடிக்கு வந்து சேர நாலு எண்ணலாம். அந்த நாலு எண்ணிக்கைதான் என்னுடைய தொழில் என்று சொன்னாலும் பிழையில்லை.

எனக்கு முன்னால் பின்வரிசையில் நடுவில் நின்றவன் ஜெறோம். என்னுடைய வயது, கடற்தொழில், என் தங்கச்சி ஸ்ரெல்லாவைக் கட்டியவன். மலை மாதிரி ஆள், ஆனால் வாய் திறந்து ஒரு சொல் கேட்பதென்றால் காசு கட்ட வேண்டும். எங்களுக்குள் மூன்று சொற்கள் இருந்தன. 'என்ர' என்றால் நான் வருகிறேன், நீ விலகு. 'விடு' என்றால் பந்து வெளியே போகும், தொடாதே. 'காத்து' என்றால் புழுதி கிளம்பிவிட்டது, பந்தை என்னிடம் தராதே, பக்கத்துக் கோட்டுக்கு வெளியே அடி. கோலைப் பார்த்து ஓடி வருகிற பின்வரிசைக்காரனுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான் கத்தினால் ஜெறோம் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏன் என்று கேட்பதில்லை, அடித்துவிடுவான். பதினொரு வருடம் அப்படி விளையாடினோம்.

அப்போதுதான் பிரதீபன் சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடமொன்றுக்கு விளையாட்டு ஆசிரியராக மாற்றலாகி வந்தவர், கொழும்பில் பயிற்சியாளர் படிப்பும் படித்தவர். கழகம் அவரைப் பிடித்துக்கொண்டது. என்னைவிட நாலு வயது குறைவு. எங்கள் பழைய பயிற்சியாளர் கெட்ட வார்த்தையில்தான் காலை வணக்கம் சொல்வார். எங்களுக்கு அது பழகிவிட்டது. இவரோ பதினாறு வயதுப் பொடியனையும் 'நீங்கள்' என்பார். குரல் உயராது. கையில் எந்நேரமும் ஒரு சின்னக் கொப்பி. யார் எத்தனை தரம் பந்தை இழந்தான், எத்தனை தரம் பின்னுக்குத் தந்தான் என்று கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னால், அந்த மரியாதைதான் எனக்குப் பத்தி எரிந்தது. ஏசினால் திருப்பி ஏசலாம். இந்த மனுசனோடு என்னத்தைச் செய்ய?

முதற் கூட்டத்தில் கழகத்துக் கரம் போர்ட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் சோடா மூடிகளை அடுக்கினார். மூடிகள் எல்லாம் ஆட்டக்காரர். எனக்கு மட்டும் ஒரு சோகி, தாயம் உருட்டுகிற சோழிதான். அந்தச் சோகியை விரலால் மெதுவாகத் தள்ளி, கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக் கோட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"அன்ரன், இவ்வளவு நாளும் நீங்கள் அங்க நிண்டனீங்கள். இனி இங்க. பந்து வந்தால் தூக்கி உதைக்கிறேல்லை. பக்கத்தில நிக்கிறவருக்குக் குடுக்கிறது. எங்கட ஆட்டம் உங்களில இருந்துதான் தொடங்கப் போகுது."

"காத்தடிக்கிற நேரம் என்ன செய்யிறது சேர்?"

"காத்தடிக்கிற நேரம்தான் இது நல்லது. மேல போற பந்தைத் தானே காத்துக் கூடுதலாக் கொண்டு போகும்?"

பொடியள் 'அட, ஓம்' என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. என்னுடைய உதை ஊரில் பெயர் பெற்றது. காற்றுக்குக் கீழாலே, ஆள் உயரத்துக்கு மேல் போகாமல், பாதி மைதானம் தாண்டும். பக்கத்துத் தாராபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து அந்த உதையைப் பார்த்துப் போகிறவர்கள் இருந்தார்கள். அதைத்தான் வேண்டாம் என்கிறார். இன்னொன்றும் இருக்கிறது, அதை அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குக் காலால் பந்தை அடக்கத் தெரியாது. கையால் எதையும் பிடிப்பேன். காலில் வந்தால் பலகை. பயிற்சியில் சின்னப் பொடியள் முன்னால் தடுமாறினேன். ஜெறோம்தான் பயிற்சி முடிந்த பிறகும் நின்று, பேசாமல், எனக்குப் பந்தைத் தட்டித் தந்துகொண்டிருப்பான். "பழகும் மச்சான்" என்பான். அவ்வளவுதான்.

பழகியது என்பதுதான் என்னுடைய கெட்ட காலம். கோயில் திருநாள் கிண்ணத்துக்கான ஆட்டங்கள் தொடங்கின. மூன்று ஆட்டம் வென்றோம். சும்மா சொல்லக் கூடாது, அழகாக விளையாடினோம். ஆனால் ஊர்ச் சனம் யாரைப் பாராட்டியது? சேரை. "மூளைக்காரன்" என்றார்கள். பதினெட்டு வருடம் விழுந்து எழும்பின என்னுடைய பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. நான் வீட்டில் மனுசியோடு எரிந்து விழுந்தேன். 'ஒரு நாளைக்குக் காத்து இவருக்குப் படிப்பிக்கும்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இறுதி ஆட்டம் விடத்தல்தீவுக்காரரோடு. முற்றின சோழகம். கோயிலில் பூசை முடிந்து சனமெல்லாம் மைதானத்தைச் சுற்றி. முதற் பாதியில் எனக்குக் கடற்பக்கத்துக் கோல். காற்று எனக்குப் பின்னால். இருபதாம் நிமிடம்போல ஒரு பந்து காலுக்கு வந்தது. உதைத்திருந்தால் எதிர்க் கோலைத் தாண்டிப் போயிருக்கும். நான் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தேன். அவன் மற்றவனுக்கு, மற்றவன் இன்னொருவனுக்கு. ஆறாவது காலில் அது கோல். சனம் தொண்டை கிழியக் கத்தியது. சேர் என்னைப் பார்த்து இரண்டு தரம் கை தட்டினார். ஜெறோம் திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். அவருடைய முறையை நானே என்னுடைய காலால் சரியென்று காட்டிக் கொடுத்துவிட்டேனே என்ற ஆத்திரம்.

இரண்டாம் பாதியில் கோயிலடிக் கோல். காற்று நேரே முகத்துக்கு. நான் கத்திக்கொண்டே இருந்தேன். அதில் நாலு தரம் 'காத்து' என்று கத்தினேன், நாலு தரமும் ஜெறோம் வெளியே அடித்தான். பிறகு அந்தப் பந்து வந்தது. எங்கள் பக்கத்துக்கு நீளமாக ஒரு பந்து விழ, ஜெறோம் என்னைப் பார்த்துத் துரத்தி ஓடி வந்து அதை எடுத்தான். அவன் குதியில் எதிரணிக்காரன் ஒருவன். நான் சேர் சொன்ன இடத்தில், பெட்டிக் கோட்டில் நிற்கிறேன். ஜெறோமின் தலைக்கு மேலாலே கடற்பக்கத்து மூலை தெரிகிறது. அங்கே புழுதி எழும்பிவிட்டது.

ஒன்று. ஜெறோம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் பார்த்தது நான் கத்துகிறேனா என்று. நான் கத்தவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம், திகைத்தேன் என்று சொல்லலாம். இரண்டும் பொய். ஒரு தரம் பிழைக்கட்டும், சனம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கோல் விழும் என்று நினைக்கவில்லை, அது சத்தியம். பந்து காற்றில் விலகி மூலைக்கு வெளியே போகும், சனம் 'பாத்தியளே, இந்த முறை இஞ்ச சரிவராது' என்று சொல்லும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இதெல்லாம் நாலு எண்ணுவதற்குள் ஒரு மனுசனுக்கு நினைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடிந்தது.

நான் கத்தாதபடியால் ஜெறோம் எனக்குப் பந்தைத் தந்தான். நல்ல பந்து, அளவான பந்து. பாதி வழியில் காற்று அதைப் பிடித்தது. காலால் தந்த பந்தைக் காப்பாளர் கையால் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். நான் காலைப் போட்டேன். உண்மையாகவே தடுக்கப் பார்த்தேன், அதில் களவு இல்லை. களவு அதற்கு முதலே நடந்துவிட்டது. பந்து என்னுடைய இடது காலை உரசிக்கொண்டு போய் வெறுங் கோலுக்குள் விழுந்தது.

"ஜெறோம்! ஆருக்கடா அடிக்கிறாய்?" என்று ஒருவன் கத்தினான். "சேம் சைட்! சேம் சைட்!" என்று கோயிலடி முழுக்க எழும்பியது. ஜெறோம் முகங்குப்புற விழுந்து கிடந்தான். நான் போய் அவனுடைய தோளைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கி, "பரவாயில்லை மச்சான், விடு" என்றேன். ஐயோ, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நான் செய்ததற்கு அவனை நான் மன்னித்திருக்கிறேன்! அவன் "சொறி மச்சான்" என்றான். பிறகு எங்கள் பின்வரிசை ஆடிப்போய்விட்டது. கடைசி நேரத்தில் இரண்டாவது கோலும் விழுந்து, கிண்ணம் கடல் ஓரமாகவே விடத்தல்தீவுக்குப் போனது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கழகக் கூட்டம். எல்லாரும் சேரைப் பிடித்துக் கிழித்தார்கள். அவர் எழும்பி, "முறை என்ர. பிழையும் என்ர. ஜெறோமை ஒருத்தரும் குறை சொல்ல வேண்டாம்" என்றார். ஜெறோம் மூலையில் கதிரையில் தலை குனிந்திருந்தான். ஒரு கிழவர் என்னைக் காட்டி, "அன்ரன் அண்டைக்கே சொன்னவன், ஆர் கேட்டது?" என்றார். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்து சைக்கிளை எடுக்கப் போனபோது சேர் வந்தார். கொப்பியைத் திறந்தார்.

"அன்ரன், முதற் பாதியில இருபத்தொரு தரம் கத்தினீங்கள். ரெண்டாம் பாதியில கோல் விழுற வரைக்கும் ஒன்பது தரம். அந்த ஒரு பந்துக்கு ஏன் கத்தேல்லை?"

நான் கத்துவதையும் இந்த மனுசன் கோடு போட்டிருக்கிறார்!

"நீங்கள் தானே சேர் புது முறை எண்டனீங்கள்."

"நான் உதைக்க வேண்டாம் எண்டுதான் சொன்னனான். கத்த வேண்டாம் எண்டு சொல்லேல்லையே." கொப்பியை மூடினார். அப்போதும் குரல் உயரவில்லை. "நான் இதை ஒருத்தரிட்டையும் கதைக்க மாட்டன். நீங்கள் கதைக்கிறதெண்டால் ஜெறோமோட கதையுங்கோ."

அடுத்த நாள் காலை செயலாளர் வீட்டுக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன். 'புதிய விளையாட்டு முறை எனக்கு ஒத்துவராதபடியால் கழகத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.' ஊர் அதை வாசித்து என்னை மானஸ்தன் ஆக்கிவிட்டது. முறையாலும் இல்லை, மானத்தாலும் இல்லை. அந்தக் கொப்பிக்கு முன்னால் நிற்க முடியாமல் ஓடினேன். பக்கத்து ஊருக்கு இரண்டு வருடம் விளையாடினேன், நன்றாக விளையாடவில்லை, நிறுத்தினேன். சேர் மாற்றலாகிப் போகும் வரை எங்கள் கழகத்தில் இருந்தார். அடுத்த வருடமே அதே முறையில் கிண்ணத்தை வென்றார்கள். சனம் அதை வசதியாக மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை.

ஜெறோம் பிறகு மைதானத்தில் கால் வைக்கவில்லை. எங்கள் கரையில் ஒரு பட்டம் வைத்தால் அது செத்தாலும் போகாது என்று உங்களுக்குத் தெரியும். அவனுடைய படகுக்கு மாதாவின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை; 'சேம்சைட்டின்ர போட்' என்பார்கள். மீன் ஏலத்தில் கூறுகிறவன், "சேம்சைட்டின்ர சூடை வந்திருக்கு, பாருங்கோ" என்பான். பகிடிதான், ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை. மகன் பள்ளிக்கூட அணியில் சேர மாட்டேன் என்றதும் இந்தப் பட்டத்தால்தான். ஸ்ரெல்லா ஒரு தரம் என்னிடம் வந்து, "அண்ணா, நீ ஒருக்கா ஆக்களுக்குச் சொல்லன்" என்று அழுதாள். நான் "சனத்தின்ர வாயை மூடேலுமே" என்று சொல்லி அனுப்பினேன். அது ஐந்தாறு வருடத்துக்கு முன்.

பொடியள் வந்து போன மூன்றாம் நாள் பின்னேரம் ஜெறோம் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். கதிரையை இழுத்துப் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. புழுதியைக் கண்டேன், கத்தவில்லை, வேண்டுமென்றே கத்தவில்லை என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். சேருடைய கொப்பியையும் சொன்னேன். அவன் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"நீ நல்லவன் மச்சான்" என்றான்.

"டேய், நான் சொன்னது விளங்கினதோ?"

"விளங்கினது. நான் இவ்வளவு நாளும் படுற பாட்டைப் பார்த்து, அதை உன்ர தலையில தூக்கிப் போடப் பாக்கிறாய். வேண்டாமடா. அடிச்ச கால் என்ர."

"மாதா சத்தியமா ஜெறோம், நான்..."

எழும்பி வந்து என்னுடைய வாயைப் பொத்தினான். கை முழுக்க மீன் மணம். "எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதை. பாவம்." பிறகு உள்ளே பார்த்து, "ஸ்ரெல்லா, கொண்ணனுக்குத் தேத்தண்ணி போடு" என்று கூப்பிட்டான். பன்னிரண்டு வருடமாக நான் காணாத ஒரு சிரிப்பு முகத்தில் இருந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி, முதற் கோலைப் பற்றி, ஆறாவது காலில் விழுந்த அந்த அழகைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தான். நான் இடையில் இரண்டு தரம் வாய் திறந்தேன். அவன் கையைக் காட்டி மறித்துவிட்டான்.

வெளிக்கிட்டபோது ஸ்ரெல்லா வாசல் படலை வரைக்கும் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உள்ளுக்க நிண்டு எல்லாம் கேட்டனான், அண்ணா. அந்த மட்சைப் பற்றி இந்த மனுசன் இண்டைக்குத்தான் வாய் திறந்தவர். நீ சொன்ன பொய்க்குக் கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்."

என்னுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.